புல் சொன்னதில் பாதி

மஞ்சள் எல்லாம் ஒரே மஞ்சள் இல்லை, தொரை.
நாய் மூத்திரம் விட்ட இடம்
நடுவில் கருகி ஓரத்தில் கரும்பச்சையாய் நிற்கும்.
யூரியா கைதவறிய இடம்
கை வீசின வளைவிலேயே கருகும்.
சைப்ரஸ் நிழலில் பாசி பிடித்தால் அது நோயில்லை,
வெயில் கேட்டு மண் போடும் மனு.
காட்டுப்பன்றி உழுதிருந்தால் பன்றியைத் திட்டாதீர்கள்.
ஒரு சாண் புல்லைப் பாய்போலச் சுருட்டிப் பாருங்கள்,
வேரடியில் வெள்ளைப்புழு
காதுமடல் மாதிரி வளைந்து கிடக்கும்.
பன்றி நமக்கு முந்தி வந்த வைத்தியர்.

இதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.
"இதினெந்தா எஸ்தர்கனி, அசுகம்?" என்று
செண்டுவரை பங்களா வாசலில் தொரை கேட்டபோது
குத்தவைத்து
புல்லை முகர்ந்துகொண்டிருந்தேன்.

முட்டி போனதால் கொழுந்துக்காட்டிலிருந்து
இங்கே மாற்றிப் பதினோரு வருஷம்.
தேயிலை மண் புளித்த மண்.
ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் சுண்ணாம்பு போட்டால்தான்
இந்தச் சீமைப்புல்லுக்குத் தொண்டை திறக்கும்.
மார்கழியில் உரம் கூடாது.
போட்டால் தளிர் வரும்,
வந்த ராத்திரியே பனி தின்னும்.
போன தொரை கேட்கவில்லை.
அவர் இப்போது கொச்சியில். கருகினது இங்கே.

ஆனால் இந்தக் கறுப்பு புதுசு.
பின்கட்டு அறைப் படியிலிருந்து
கிழக்கு வேலி மூலைவரை
ரெண்டடிக்கு ஒன்றாய்ச் சின்னச் சின்னத் திட்டு.
மூலையில் மட்டும் முறத்தளவு வட்டம்.
யாரோ கால்மாற்றிக் கால்மாற்றி
வெகுநேரம் நின்றது.

உறைபனி பிடித்த புல் கண்ணாடி.
விடியுமுன் மிதித்தால் உள்ளுக்குள் ஒடியும்.
அன்றைக்கு ஒன்றும் தெரியாது.
மூன்றாம் நாள் கறுத்து வெளியே வரும்,
வாங்கின அடி கன்றிப்போகிற மாதிரி.

அந்த மூலை எனக்கும் பழக்கம்.
போடிப் பக்கத்து டவர்
ஒரே ஒரு கம்பி அங்கேதான் கிடைக்கும்.
தமிழ்நாடு வரவேற்கிறது என்று மெசேஜ் வரும்,
எல்லைப்பக்கம் ஒரு எட்டு வைக்காமலே.
மகளுக்குத் திருப்பூரில் வலி கண்ட ராத்திரி
நானும் அங்கேதான் நின்றேன்.
அது மழைக்காலம். புல் மன்னித்துவிட்டது.

பின்கட்டில் புது அசிஸ்டன்ட் லிஜு,
கொட்டாரக்கரைப் பையன், இருபத்தைந்து இருக்கும்.
மூன்று வாரமாய்ச் சிவந்த கண்ணோடு பேர் கூப்பிடுகிறான்.
போன செவ்வாய்
ஈரக்கொழுந்து என்று
என் தங்கச்சி தராசில் மூன்று கிலோ வெட்டினான்.

தடத்தில் விரல் ஐந்தும் தெரிந்தது.
தண்ணீர் கல்லாகிற குளிரில் வெறுங்கால்.
செருப்புச் சத்தம் யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்று
நினைத்திருப்பான்.
அந்தப்பக்கம் எடுத்தார்களோ, எடுக்கவில்லையோ.
வட்டத்தின் அளவைப் பார்த்தால்
எடுக்கவில்லை.

"பனிக்கருகல், தொரை" என்றேன்.
பொய்யில்லை. பாதி.

மருந்தும் சொன்னேன்.
சில்வர் ஓக்கின் கீழ்க்கிளைக்கு வெயில் இறங்கும்வரை
ஒருத்தரும் புல்லில் கால் வைக்கக் கூடாது.
வெட்டுகிற மெஷினை ரெண்டு கட்டை ஏற்றணும்.
சாயந்திரம் தண்ணி காட்டக் கூடாது.
கருகினதைப் பிடுங்கவும் வேண்டாம், அடியில் உயிர் இருக்கு.
மாசிக் கடைசியில்
ஓடுவேர் தானாய் வந்து மூடிக்கொள்ளும்.

தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஷெட்டுக்குப் பின்னால் பழைய வடிகால் மூடிகள் கிடந்தன.
ஒவ்வொன்றாய் உருட்டி வந்து
படியிலிருந்து மூலைவரை
ஒரு எட்டுக்கு ஒன்றாய்ப் பதித்தேன், பதினாலு.
கடைசிக் கல் மட்டும் அகலமானது,
நிற்பதற்கு.
முட்டி ராத்திரியெல்லாம் கத்தியது.

மூன்று கிலோ வேறு கணக்கு.
அதைப் பகலில் கேட்பேன்.